குரல் போன பிறகும் ‘வன்ஸ்மோர்’ வாங்கிய எங்கள் அண்ணை

அண்ணையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கிக்கொண்டு போகும் உறவுகளே, நண்பர்களே! வீட்டுக்குக் கொண்டுபோய் ரீவிக்குக் கீழே கிடக்கும் மற்ற மலர்களோடு இதையும் அடுக்கிவிடாதீர்கள். ரெயினிலேயே வாசித்து முடியுங்கள். உங்களை அழ வைக்க நான் இதை எழுதவில்லை. எங்கள் அண்ணை வென்ற கதையைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நான் அவருடைய ஒரே தங்கச்சி. யாராவது ஒரு பேராசிரியரைப் பிடித்து இந்தக் கட்டுரையை எழுதுவிப்போம் என்று அண்ணையின் மகன் கோகுலன் சொன்னான். “நான் உயிரோடை இருக்கேக்கை உனக்கென்னத்துக்கடா பேராசிரியர்?” என்று கேட்டேன். “இல்லை மாமி, கொஞ்சம் மரியாதையான தமிழிலை இருந்தால் நல்லது...” என்று இழுத்தான். அண்ணையைப் பற்றி எழுதும்போது எனக்கு மரியாதை தானாகவே வரும். மற்றவர்களைப் பற்றி எழுதும் இடங்களில் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணை பிறந்தது கரவெட்டியில். எங்கள் ஐயா பஸ் ஓட்டினவர். அண்ணை குழந்தையாக இருந்து அழுதால் ஒழுங்கை முழுவதும் கேட்குமாம். “உவனை முன் சீற்றிலை இருத்தினால் பஸ்ஸுக்கு ஹோர்ன் தேவையில்லை” என்று ஐயா சொல்லுவாராம். அந்தக் குரல்தான் பிறகு வடமராட்சியில் கோயில் கோயிலாக நாடக மேடைகளில் ஏறியது. பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது பெண் வேடம் போட்டார். மீசை அரும்பியதும் மந்திரி ஆனார். பிறகு ஒருநாள் அரசன் வேடக்காரருக்குக் காய்ச்சல் வர, அந்த முடியைத் தூக்கி அண்ணையின் தலையில் வைத்தார்கள். அதற்குப் பிறகு அண்ணை அந்தச் சிம்மாசனத்தை விட்டு இறங்கவேயில்லை.

அந்தக் காலத்து மேடையைப் பற்றி இரண்டு விசயம் சொல்ல வேண்டும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்குத் தெரிய நியாயமில்லை. ஒன்று, மைக். முழு மேடைக்கும் ஒரேயொரு மைக்தான். நடுவில், மேலேயிருந்து கயிற்றில் தொங்கும். பாட்டோ வசனமோ, சொல்ல வேண்டியவர் நடுவுக்கு வந்து, முகத்தைக் கொஞ்சம் மேலே தூக்கி, மைக்குக்குச் சொல்லிவிட்டுப் பின்னால் நகர வேண்டும். எதிரி வாளோடு மற்றப் பக்கத்தில் நின்றாலும், மைக்குக்குக் கீழே வந்துதான் அவனுக்குச் சவால் விட வேண்டும். மற்றவர்கள் மைக்குக்கு ஓடி வருவது பஸ்ஸுக்கு ஓடுவது போல இருக்கும். அண்ணை நடந்து வந்தால் அரசன் நடந்து வருவதாகத்தான் இருக்கும். மைக்குக்கு வருகிறார் என்று ஒருவருக்கும் தோன்றாது.

மற்றது, வன்ஸ்மோர். பாட்டு நன்றாக இருந்தால் சனம் “வன்ஸ்மோர்!” என்று கத்தும். இன்னொரு தரம் செய் என்று அர்த்தம். சனம் கேட்டால் நடிகர் மறுக்கக் கூடாது. அது மேடையின் சட்டம். ஒருமுறை அண்ணை போர்க்களத்தில் அம்பு பட்டு, உருக்கமாகப் பாடி, விழுந்து செத்துப்போனார். சனம் விடவில்லை. வன்ஸ்மோர், வன்ஸ்மோர் என்று ஒரே சத்தம். அண்ணை எழும்பினார், உடுப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டினார், மைக்குக்குப் போனார், முழுப் பாட்டையும் திரும்பப் பாடினார், திரும்பவும் செத்தார். நான் முன்வரிசையில் இருந்து பார்த்தேன். இரண்டாந்தரம் செத்தது முதல்தரத்தை விட நன்றாக இருந்தது.

பிறகு நாட்டில் சண்டை வந்தது. மேடைகள் போயின, ஊரும் போயிற்று. அந்தக் கதை உங்கள் எல்லோருடைய வீட்டிலும் இருக்கிறது, எங்கள் வீட்டுக் கதையை இங்கே தனியாக நீட்ட வேண்டியதில்லை. அண்ணையும் அண்ணியும் கைக்குழந்தையாக இருந்த கோகுலனும் லண்டனுக்கு வந்து சேர்ந்தார்கள். சில வருசம் கழித்து நானும் வந்தேன். அண்ணைக்குக் கிடைத்த வேலை பெற்றோல் நிலையத்தில் காசு வாங்குவது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்துகொண்டு, வேலை குறைந்த நேரத்தில் அரசன் பாட்டைப் பாடுவார். அவருடைய முதலாளி ஒரு நல்ல மனிதன், ஆனால் காது உள்ள மனிதன். “இங்கை வாறவங்கள் பெற்றோல் அடிக்க முதலே பயந்து ஓடுறாங்களாம்” என்று அண்ணையே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

கொஞ்சம் தலை நிமிர்ந்ததும் இங்கேயும் நாடகம் தொடங்கிவிட்டது. லண்டனில் கிங்ஸ்பரிப் பக்கம் அண்ணை சொந்த வீடு வாங்கிய வருசத்தில்தான் முதல் கலைவிழா நாடகம் நடந்தது. பள்ளிக்கூட மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, பிள்ளைகளின் ஜிம் கயிறுகளுக்கு நடுவில் அரண்மனைத் திரை கட்டினார்கள். இப்போது சட்டையில் குத்துகிற சின்ன மைக் வந்துவிட்டது. எங்கே நின்று பேசினாலும் கேட்கும். ஆனால் அண்ணையின் கால்கள் அதைக் கேட்கவில்லை. வசனம் வந்தால் நடுவுக்குப் போவார், முகத்தைத் தூக்குவார், சொல்லிவிட்டுப் பின்னால் வருவார். ஒலி பார்க்கும் பெடியன் தலையில் கை வைப்பான். “அண்ணை, மைக் உங்கட நெஞ்சிலை கிடக்கு!” என்று ஓரத்திலிருந்து கத்துவான். அண்ணைக்கு அது மேலேதான் தொங்கியது.

இந்த இடத்தில் அண்ணியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இத்தனை நாடகத்திலும் அண்ணி ஒன்றைக் கூட முன்னால் இருந்து பார்த்ததில்லை. ஊரிலும் இல்லை, இங்கேயும் இல்லை. திரைக்குப் பின்னால் நின்று உடுப்புக்கு அயர்ன் பிடிப்பார், முடியைக் கட்டிவிடுவார், காட்சிக்குக் காட்சி மல்லித்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். அண்ணையின் நடிப்பில் அண்ணி கண்டது முதுகு மட்டும்தான். அண்ணி சத்தம் போட்டுக் கதைத்து நான் கேட்டதும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பேரும் சத்தம் போட்டால் கவுன்சில்காரன் வந்துவிடுவான் என்று பகிடியாகச் சொல்லுவார்.

ஒருமுறை ஒத்திகையில் அண்ணையின் குரல் கரகரத்தது. வெறும் சளித் தடிமன் என்றோம். மல்லித்தண்ணி, மிளகு, தேன் எல்லாம் போயிற்று. கரகரப்பு மட்டும் போகவில்லை. ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, தொண்டையில் புற்றுநோய் என்றார்கள். குரல்வளையை முழுவதுமாக எடுத்தால் உயிர் தப்பும் என்றார் டொக்டர். அண்ணை அவரைப் பார்த்து, “எடுத்த பிறகு பாடலாமோ?” என்று கேட்டார். டொக்டரும் எங்கள் தமிழ்ப்பிள்ளைதான். குனிந்துகொண்டு, “ஏலாது அங்கிள்” என்றார்.

சத்திரசிகிச்சைக்கு முன்னர் அண்ணையின் பாட்டுகளைப் பதிவு செய்து வைப்போம் என்று கோகுலன் போனை நீட்டினான். அண்ணைக்கு வந்ததே கோபம். “பெட்டிக்குள்ளை போட்டுக் கேக்கிறதுக்கு நான் செத்துப்போனனே? எடு அங்காலை!” அவ்வளவுதான். வாயால் அவர் போட்ட கடைசிப் பெரிய சத்தம் அதுதான்.

உயிர் தப்பியது. கழுத்தில் மூச்சு விட ஒரு துவாரம் இருந்தது. கழுத்தில் அழுத்திப் பிடித்துக் கதைக்கிற ஒரு கருவியும் கொடுத்தார்கள். அண்ணை அதை ஒருமுறை வைத்து, “இஞ்சேருமப்பா” என்று அண்ணியைக் கூப்பிட்டுப் பார்த்தார். ரெயின் வரும் முன்னர் ஸ்ரேசனில் அறிவிக்கிற சத்தம் மாதிரி வந்தது. அதை நிறுத்தி அலுமாரிக்குள் வைத்தார், பிறகு எடுக்கவில்லை. எங்களோடு வாட்சப்பில்தான் கதைத்தார். பக்கத்து அறையிலிருந்து எனக்கு மெசேஜ் வரும்: “தங்கச்சி, நீ கதைக்கிறது இங்கை வரைக்கும் கேக்குது. கொஞ்சம் குறை.” குரல் போன மனிதர் என்னைச் சத்தம் குறைக்கச் சொன்னது எனக்கு உள்ளுக்குள் சந்தோசம்தான். ஆனால் அது பகலில் வருகிற பகிடி. மற்ற நேரத்தில் அண்ணை சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தார். நாடகக்காரர்கள் வந்தால் படுத்திருப்பதாகச் சொல்லச் சொன்னார்.

அந்த வருசக் கலைவிழாவுக்கு அண்ணையைக் கூப்பிட்டார்கள். நடிக்க இல்லை, பொன்னாடை போர்த்த. அரசன் வேடத்தை வேறொருவர் போட, அண்ணையை முன்வரிசையில் இருத்தி, நடுவில் மேடைக்கு ஏற்றி, போர்த்தி, ஒரு படம் எடுத்து, திரும்ப இறக்கிவிட்டார்கள். “உயிரோடை இருக்கிற மனிசனுக்கு இதென்ன, செத்தவீட்டுத் துணி மாதிரிப் போர்த்தி விடுறியள்?” என்று நான் கொமிற்றிக்காரரிடம் நேரடியாகவே கேட்டேன். அவருக்கு இன்றைக்கும் என்னில் கோபம். இருக்கட்டும். வீட்டுக்கு வந்து அண்ணை அந்தப் பொன்னாடையையும் அலுமாரிக்குள், அந்தக் கருவிக்குப் பக்கத்தில் வைத்தார். பிறகு எனக்கு ஒரு மெசேஜ் போட்டார்: “குரல் இல்லாட்டில் நான் நடிகன் இல்லையோ?” உயிர் தப்பியது அண்ணைக்குப் பெரிய விசயமாகவே படவில்லை. அவருக்கு இருந்தது இந்த ஒரு கேள்விதான். எனக்கு மறுமொழி எழுத ஒன்றும் வரவில்லை.

மறுமொழி கிழக்கு லண்டன் செவன் கிங்ஸில் இருந்து வந்தது. சாருகா என்று ஒரு பிள்ளை, முப்பத்தைந்து வயது இருக்கும், இங்கே பிறந்து வளர்ந்தது, சினிமாப் படங்களை வெட்டி ஒட்டித் தொகுக்கிற வேலை செய்தது. ஒரு சனிக்கிழமை கோகுலனோடு வீட்டுக்கு வந்து, அண்ணைக்கு முன்னால் நிலத்தில் இருந்துகொண்டு சொன்னது: “அங்கிள், நான் ஒரு சைலன்ற் பிலிம் எடுக்கப்போறன். ஒருத்தரும் கதைக்கமாட்டினம். நீங்கள்தான் மெயின். அம்மா என்னைச் சின்னனிலை உங்கட எல்லா ட்ராமாவுக்கும் இழுத்துக்கொண்டு வருவா. ஐ ஆம் சொறி அங்கிள், உங்கட பாட்டு ஒண்டும் எனக்கு விளங்கினதேயில்லை. நான் உங்கட கையையும் முகத்தையும்தான் பாத்துக்கொண்டிருந்தனான். அதிலையே எனக்கு முழுக் கதையும் விளங்கினது.”

அண்ணை போனை எடுத்துத் தட்டிக் காட்டினார்: “எந்த நாள் தொடங்குறம்?”

சொந்தக்காரர் வாயை மூடிக்கொண்டு இருந்தார்களா? இல்லை. “ஊமைப்படமோ? இந்தக் காலத்திலை ஆர் பாப்பினம்?” என்றார் ஒருவர். “பாவம், வருத்தக்கார மனிசனை வைச்சு விளையாடுறாங்கள்” என்றார் இன்னொருவர். இந்த மலரை இப்போது அவர்களும் வாசிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். வாசியுங்கோ, வாசியுங்கோ, இனித்தான் இருக்கிறது.

படத்தின் கதை சின்னக் கதை. ஒரு வயோதிபர் ஒரு நாடக அரங்கில் காவற்காரராக வேலை செய்கிறார். காலையில் ஆட்கள் வரும் முன்னர் வெறும் கதிரைகளுக்கு முன்னால் மேடையேறி நடிக்கிறார். கூட்டித் துடைக்க வருகிற பெண் ஒருநாள் ஒரு கதிரையில் இருந்து பார்க்கிறாள். அவ்வளவுதான்.

முதல் நாள் படப்பிடிப்புக்கு நான்தான் அண்ணையைக் காரில் கொண்டுபோனேன். அண்ணை நிற்க வேண்டிய இடத்தில் சாருகா நிலத்தில் ரேப் என்கிற ஒட்டுநாடா ஒன்றை ஒட்டியிருந்தது. கமரா அந்த இடத்துக்குத்தான் சரி பார்க்கப்பட்டிருந்தது. “இப்ப நீங்கள் பேசுறமாதிரி நடியுங்கோ அங்கிள், வாய் மட்டும் அசைஞ்சால் காணும், அது போதும்” என்றது. கமரா ஓடத் தொடங்கியது. அண்ணை ரேப்பை விட்டுவிட்டு மேடை நடுவுக்கு நடந்தார், முகத்தை மேலே தூக்கினார், வாயைத் திறந்தார், பிறகு பின்னால் வந்தார். கமராக்காரப் பெடியன் வெறும் ரேப்பைப் படம் பிடித்துக்கொண்டு நின்றான். திரும்ப எடுத்தார்கள். திரும்பவும் நடுவுக்குப் போனார். சாருகா வந்து பணிவாகச் சொன்னது, அண்ணை தலையாட்டினார், அடுத்த முறையும் கால் நடுவுக்குத்தான் போயிற்று. அண்ணையின் முகம் கறுத்துவிட்டது. காவற்காரத் தொப்பியைக் கழற்றிக் கதிரையில் வைத்துவிட்டார். அந்தத் தொப்பியை அவர் திரும்பப் போடாவிட்டால் அலுமாரிக்குள் மூன்றாவது பொருள் சேர்ந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது.

சாருகாவை ஓரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். “பிள்ளை, அண்ணைக்கு விளங்காமல் இல்லை. அவர் மைக்குக்குப் போறார்.”

“எந்த மைக், அன்ரி? இங்கை மைக்கே இல்லையே.”

“ஊரிலை தொங்கினது.” பிறகு முழுவதையும் சொன்னேன். கயிற்றைச் சொன்னேன், நடுவுக்கு வருவதைச் சொன்னேன், சட்டையில் மைக் குத்திய பிறகும் அவருக்கு அது மேலேதான் தொங்கியது என்பதையும் சொன்னேன்.

சாருகா போய் நிலத்தில் ஒட்டியிருந்த ரேப்பை உரித்து எடுத்தது. கமராவை முழு மேடையும் தெரிகிற மாதிரிப் பின்னால் தள்ளச் சொன்னது. பிறகு அண்ணையிடம் வந்து, “அங்கிள், மைக் எங்கை தொங்குதெண்டு நீங்களே காட்டுங்கோ” என்றது.

அண்ணை தொப்பியை எடுத்துப் போட்டார். அன்றைக்கு அவர் நடந்த நடையை என்னால் எழுதிக் காட்ட முடியாது. காவற்கார உடுப்போடு புறப்பட்டவர் நடுவுக்கு வந்து சேரும்போது அரசனாக இருந்தார். முகத்தைத் தூக்கினார். இல்லாத மைக்கைப் பார்த்தார். வாய் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கை விரிந்தது, கண்ணிலிருந்து பாட்டு ஓடி வந்தது. சத்தம் ஒரு துளி இல்லை. கமராக்காரப் பெடியன் போலந்துப் பிள்ளை, எங்கள் பாட்டும் தெரியாது தமிழும் தெரியாது. அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான்.

படம் முடிந்து, ஈஸ்ட் ஹாமுக்குப் பக்கத்தில் ஒரு சின்னப் படமாளிகையில் முதல்தரம் காட்டினார்கள். பேச்சில்லாத படம் என்பதால் நேரடியாக இசை வாசிக்க வேண்டும் என்று சாருகா சொன்னது. அண்ணையின் நாடகங்களுக்கு ஆர்மோனியம் வாசித்த தியாகண்ணை வந்து திரைக்குக் கீழே இருந்தார். நாடகச் சனம் பாதி வந்திருந்தது, மற்றப் பாதி சாருகாவின் வெள்ளைக்காரச் சினேகிதர்கள். பொன்னாடைக் கொமிற்றிக்காரரும் வந்திருந்தார், ரிக்கற் வாங்கித்தான். அன்றைக்குத் திரைக்குப் பின்னால் அண்ணிக்கு ஒரு வேலையும் இல்லை. வாழ்க்கையிலேயே முதல்தரம் அண்ணையின் நடிப்பை முன்னால் இருந்து பார்க்க, முன்வரிசையில் எனக்குப் பக்கத்தில் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

அந்தக் காட்சி வந்தது. திரையில் அண்ணை நடந்து வந்து முகத்தைத் தூக்கினார். தியாகண்ணை ஆர்மோனியத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். அந்த இடத்தில் வாசிக்கத் தனக்கு ஒன்றும் இல்லை என்று பிறகு சொன்னார். அண்ணை பாடி முடித்துப் பின்னால் நகர்ந்தார். அப்போது பின்வரிசையில் இருந்து யாரோ கத்தினார்கள்:

“வன்ஸ்மோர்!”

அவ்வளவுதான், மண்டபம் வெடித்துவிட்டது. எங்கள் சனம் எல்லாம் வன்ஸ்மோர், வன்ஸ்மோர். ஏனென்று தெரியாமலே வெள்ளைக்காரச் சினேகிதர்களும் கத்தத் தொடங்கிவிட்டார்கள், அவர்களுக்கு அந்தச் சொல்லாவது விளங்கியதே. படமாளிகை மனேஜர் ஓடி வந்து, என்ன பிரச்சினை, படத்தைப் பின்னுக்கு ஓட்ட வேண்டுமா என்று சாருகாவிடம் கேட்டார். அண்ணி என் காதுக்குள், “இப்பிடிக் கத்தலாமோ மச்சாள்?” என்று கேட்டார். “கத்தலாம், கத்துங்கோ” என்றேன். அண்ணி வாயைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். வெட்கம்.

அண்ணை எழும்பினார். படியேறித் திரைக்கு முன்னால் போனார். சாருகா படத்தை நிறுத்தச் சொன்னது. வெறும் வெள்ளை வெளிச்சம் விழுந்தது. அண்ணை ஓரத்திலிருந்து நடுவுக்கு நடந்தார், முகத்தைத் தூக்கினார், முழுப் பாட்டையும் சத்தமில்லாமல் திரும்பப் பாடினார். வேட்டி சட்டையோடு, கழுத்துத் துவாரத்தை மறைத்துக் கட்டிய பட்டுத் துண்டோடு. சபை எழும்பி நின்றது. இறங்கி வந்து இருந்ததும் எனக்கு மெசேஜ் போட்டார்: “நான் கேட்ட கேள்விக்கு நீ மறுமொழி எழுதத் தேவையில்லை.”

பிறகு நடந்தது உங்களில் கனபேருக்குத் தெரியும். இரண்டாவது படம், மூன்றாவது படம். பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் படவிழாக்களுக்குக் கூப்பிட்டார்கள், எழுபது வயதுக்கு மேல் அண்ணை பாஸ்போட்டைப் புதுப்பித்தார். குரல் இருந்த காலத்தில் அண்ணையை எங்கள் சனத்துக்குத்தான் தெரியும். இப்போது கிங்ஸ்பரி ஸ்ரேசனில் யப்பான்காரி ஒருத்தி அவரை மறித்துப் படம் எடுத்தாள். கடையில் ஒரு சோமாலியத் தாய் பிள்ளைக்குக் காட்டி, இவர்தான் அந்தக் காவற்காரர் என்றாள். அண்ணை அந்தப் பிள்ளைக்கு, வெண்டிக்காய் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, ஒரு முழு வாள்சண்டை நடித்துக் காட்டினார். நான் வரிசையில் நின்று தோற்ற எதிரியாக நடிக்க வேண்டியிருந்தது. கலைவிழாக் கொமிற்றி திரும்பக் கூப்பிட்டது, இந்தமுறை நடிக்க. அண்ணை போனார். எனக்கென்றால் போக மனமில்லை. அவருக்குப் பெரிய மனம்.

இதயம் களைத்துப்போனது மூன்றாவது படம் முடிந்த பிறகுதான். கடைசிக் கிழமைகளில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும் அண்ணையின் கட்டிலைச் சுற்றி ஆட்கள்தான். தேத்தண்ணி வேண்டும் என்பதை அவர் ஒரு நாடகமாகவே கேட்பார். கொதிக்கிற தண்ணி, கிளறுகிற கரண்டி, முதல் வாயில் சுட்ட நாக்கு எல்லாம் வரும். பக்கத்துக் கட்டில் யமேக்கா நாட்டுக் கிழவருக்குச் சிரித்துச் சிரித்து இருமல் வர, தாதி வந்து அண்ணையை ஏசினார். ஒருநாள் மத்தியானம், அண்ணி கையைப் பிடித்துக்கொண்டிருக்க, அண்ணை நித்திரையிலேயே போய்விட்டார்.

இனி நன்றி சொல்ல வேண்டும். அண்ணையின் உயிரைக் காத்த டொக்டர்மாருக்கும், கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சிரித்த தாதிமாருக்கும், ஆர்மோனியத்தில் இருந்து சரியான இடத்தில் கையை எடுத்த தியாகண்ணைக்கும் நன்றி. சாப்பாடு கொண்டுவந்து, கார் ஓட்டி, இரவு பகல் பாராமல் கோகுலனோடு நின்ற அயலவர்களுக்கு நன்றி. நிலத்தில் ஒட்டிய ரேப்பை உரித்தெடுத்த சாருகாவுக்கு எங்கள் குடும்பம் என்றென்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது. பொன்னாடை போர்த்தியவர்களுக்கும் நன்றி, அந்தத் துணி மூட்டிய கோபம் இல்லாவிட்டால் அண்ணை எழும்பியிருக்கமாட்டார்.

கடைசி நன்றி அண்ணிக்கு. இறுதிக் கிரியைக்கு வர முடியாமல் போனவர்களுக்காக, அன்றைக்கு நடந்ததை எழுதுகிறேன்.

ஊரில் என்றால் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. இங்கே எல்லோரும் போகிறோம். தகன மண்டபத்தில் தேவாரம் பாடி, வாய்க்கரிசி போட்டு முடிந்தது. அண்ணை பட்டு வேட்டியோடு, அந்தத் துண்டும் கழுத்தில் இருக்க, மேடை போன்ற இடத்தில் திறந்த பெட்டிக்குள் கிடந்தார். இரண்டு பக்கமும் சிவப்புத் திரை. கோகுலன் பொத்தானை அழுத்த வேண்டும், திரை மூடும், அதற்குப் பிறகு அவரைக் காண முடியாது. கோகுலன் அழுத்தினான். கால்மாட்டுப் பக்கத் திரை முதலில் மெதுவாக நகர்ந்தது. அண்ணையின் கால் மறைந்தது. முகம் மட்டும் தெரிந்தது.

“வன்ஸ்மோர்!”

நான் திரும்பிப் பார்த்தேன். அண்ணி. எழும்பி நின்றுகொண்டிருந்தார். வாயைப் பொத்தவில்லை. திரும்பவும், இன்னும் பெரிதாக, மண்டபம் முழுவதும் கேட்கக் கத்தினார்: “வன்ஸ்மோர்!”

தகன மண்டபத்து வெள்ளைக்காரர் பதறிப்போய்க் கோகுலனைப் பார்த்தார். அம்மா இன்னொருமுறை கேட்கிறார் என்று கோகுலன் அழுதுகொண்டே சொன்னான். அந்த மனிதருக்கு என்ன விளங்கியதோ தெரியாது, போய் ஏதோ அழுத்தினார். நகர்ந்த திரை நின்றது. பிறகு திறந்தது. முழுவதுமாகத் திறந்தது. அண்ணை அங்கே நடுவில், முகம் மேலே பார்த்தபடி இருந்தார். சனம் கேட்டு அவர் ஒருநாளும் மறுத்ததில்லை. தியாகண்ணைதான் முதலில் கை தட்டினார். பிறகு எல்லோரும் தட்டினோம். சாவீடு என்று ஒருவரும் பார்க்கவில்லை. கை வலிக்கும் வரை தட்டினோம்.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைதட்டல் ஓயும் வரை அண்ணையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு கோகுலனின் தோளைத் தொட்டார்.

“காணும் தம்பி,” என்றார். “இனி மூடு.”